யார் எவ்வளவு இழுக்கிறார்கள்? வீட்டு வைஃபைக்கு ஒரு சப்-மீட்டர்

திருப்பூரில் வீடு எங்கே முடிகிறது, கம்பெனி எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். மேல்மாடியில் குடித்தனம் இருக்கும். கீழே நாலு பவர் டேபிள், இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக், மூலையில் செக்கிங் டேபிள். ஊர் வழக்கில் அதுவும் ‘கம்பெனி’தான். அனுப்பர்பாளையத்திலும் இப்படி, மங்கலம் ரோட்டிலும் இப்படி. பல்லடம் பக்கம் போனால் தையல் மிஷினுக்குப் பதிலாகத் தறி ஓடும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு வருவது ஒரே ஒரு இன்டர்நெட் லைன். அதே பைபர் ஒயரில்தான் பையருக்கு சாம்பிள் போட்டோ போகிறது, இ-வே பில் போடுகிறோம், பிரின்டிங் டிசைன் ஃபைல் வந்து இறங்குகிறது. அதே ஒயரில்தான் டிவியில் சினிமா ஓடுகிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வாசலில் இருக்கும் கேமராவைச் செல்போனில் பார்க்கிறோம்.

சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். கோடைக்காலக் கணக்கில் நமக்கு ஏழு என்றால் ஜெர்மனியில் மதியம் மூன்றரை, நியூயார்க்கில் காலை ஒன்பதரை. பையர் வீடியோ காலில் வருகிற நேரம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் போனை எடுக்கிற நேரமும், வீட்டில் டிவி போடுகிற நேரமும் அதுவே. மர்ச்சண்டைசிங் வேலை பார்க்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். பையர் துணியின் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். கீழே யூனிட் நடத்தும் என் தம்பி மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பான்: “ஏனுங்கண்ணா, உங்களுக்கும் சுத்துதுங்களா?”

அடுத்து எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யார் மீது பழி போடுவது என்று தேடுவார்கள். பழி விழுவது எப்போதும் வீட்டிலேயே சின்ன ஆள் மீது. “அவன் கேம் ஆடுறான், அதான்.” இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. ஏன் தவறு, உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு அதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று விவரமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

மொத்தம் மட்டும் தெரிந்து பயனில்லை

நெட் கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் இந்த மாதம் எத்தனை ஜிபி போயிருக்கிறது என்று காட்டும். அது வீட்டு மொத்தம். ஆள் வாரியாகவோ கருவி வாரியாகவோ அதில் எதுவும் தெரியாது.

லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை உடனே புரியும். ஈபி மீட்டர் ஒன்று, குடித்தனம் ஆறு என்றால் பில் வந்த அன்று சண்டை நிச்சயம். யார் வீட்டில் கிரைண்டர் அதிக நேரம் ஓடியது, யார் ஃபேனை நிறுத்தாமல் வேலைக்குப் போனார்கள் என்று பேச்சு நீளும். வீட்டுக்கு வீடு சப்-மீட்டர் வைத்த நாளில் அந்தப் பேச்சு நின்றுவிடும். நெட்டுக்கும் அப்படி ஒரு சப்-மீட்டர் வைக்கலாம். அதிகச் செலவும் இல்லை.

‘அன்லிமிடெட் பிளான்தானே, எதற்கு அளக்க வேண்டும்’ என்று கேட்பீர்கள். நம் ஊரில் விற்கிற அன்லிமிடெட் பைபர் பிளான்கள் பலவற்றில் சின்ன எழுத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. மாதம் 3300 ஜிபி என்பது பெரிய நிறுவனங்களின் பிளான்களில் பரவலாகக் காணும் எண். நாளுக்குக் கணக்குப் போட்டால் 110 ஜிபி. அதைத் தாண்டினால் லைன் நிற்காது, வேகம் மட்டும் படுத்துவிடும். வரம்பு எவ்வளவு, தாண்டிய பின் என்ன வேகம் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், வரம்பை நெருங்கும்போது தகவல் அனுப்ப வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இலேயே நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. உங்கள் பிளானில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் படியுங்கள். உள்ளூர் கேபிள்காரரிடம் லைன் வாங்கியவர்கள் அவரிடமே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சாதாரணக் குடும்பம் 3300 ஜிபியைத் தொடுவது அபூர்வம். ஆனால் வீடும் கம்பெனியும் சேர்ந்த இடத்தில், கேமராவும் கிளவுட் பேக்கப்பும் இருக்கிற இடத்தில், அது நடக்காத காரியம் இல்லை. எதற்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தால் புரியும்.

எதற்கு எவ்வளவு ஆகும்?

ஒரு சூத்திரம் போதும். ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 450 எம்பி. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் வருகிற கணக்கு இது. எம்பிபிஎஸ் எண்ணை 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும்.

சினிமாவை எடுத்துக்கொள்வோம். நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்குப்படி, குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7, எச்டி என்றால் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். அதே படம்தான், தரத்தைப் பொறுத்து இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நாட்டின் செல்போன் நெட்வொர்க் தாங்காது என்று வீடியோ நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து மொபைலில் 480பி தரத்துக்கு மேல் காட்டுவதில்லை என்று கொஞ்ச காலம் குறைத்துக்கொண்டன. ஒரு நாட்டுக்கே பலன் தந்த வழி நம் வீட்டுக்குப் பலன் தராமல் போகாது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிற சின்ன டிவிக்கு 4கே எதற்கு?

அடுத்து கேமரா. இதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். டிவிஆர் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகிற கேமரா எத்தனை நாள் ஓடினாலும் இன்டர்நெட்டைத் தொடாது. அந்தப் பதிவு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. நீங்கள் வெளியே இருந்து செல்போனில் பார்க்கிற நேரத்துக்கு மட்டும்தான் டேட்டா போகும். ஆனால் இப்போது கடைகளில் கிடைக்கிற வைஃபை கேமராக்களில் சில, கிளவுடில் இருபத்துநாலு மணி நேரமும் பதிவு செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கும். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்புகிற கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி அனுப்பும், மாதம் 648 ஜிபி. கட்டிங் டேபிளுக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, ஸ்டிச்சிங் ஹாலுக்கு ஒன்று என்று நாலு வைத்தால் மாதம் 2592 ஜிபி. 3300-இல் முக்கால் பங்கு கேமராவுக்கே போய்விட்டது.

இனி அந்தப் பையனின் கேம். கேமை டவுன்லோடு செய்கிறபோதும் அப்டேட் வருகிறபோதும் ஜிபி கணக்கில் இழுக்கும், உண்மை. ஆனால் ஆடுகிறபோது போவது மிகக் கொஞ்சம். பெரும்பாலான ஆன்லைன் கேம்களில் ஒரு மணி நேரம் ஆடினாலும் சில பத்து எம்பியிலிருந்து நூறு, நூற்றைம்பது எம்பிக்குள்தான் ஆகும். ‘இங்கே சுட்டேன், அங்கே நகர்ந்தேன்’ என்ற சின்னச் சின்னத் தகவல்தானே போகிறது. அவனுக்கு டேட்டா அதிகம் வேண்டாம், தாமதம் இல்லாத லைன் வேண்டும். அடுத்தவர் லைனை நிரப்பினால் முதலில் அடிபடுவது அவன்தான். குற்றவாளி என்று நாம் நிறுத்தி வைத்திருப்பது பாதிக்கப்பட்டவனை!

மீட்டர் வைக்க மூன்று வழி

முதல் வழி, கருவிக்குள்ளேயே பார்ப்பது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ‘டேட்டா யூசேஜ்’ என்று தேடினால் வைஃபையில் எந்த ஆப் எவ்வளவு இழுத்தது என்று தனியாகக் காட்டும். விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களிலும் அதே பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. கடந்த 30 நாட்களின் கணக்கை ஆப் வாரியாகச் சொல்லும். ஐபோன் ஆப் வாரியாகக் காட்டுவது மொபைல் டேட்டாவை மட்டும்தான், வைஃபை கணக்கு அதில் வராது. டிவி, கேமரா போன்றவற்றில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. செலவில்லாத வழி என்பதால் இதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் முழுப் படம் கிடைக்காது.

இரண்டாவது வழி, நெட்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டிக்குள் பார்ப்பது. வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல பெட்டிகளின் பக்கம் திறக்கும். முகவரி வேறாக இருந்தால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. கம்பெனிச் சுவரில் வைஃபை பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருக்கிற ஊர் இது. பெட்டியின் சாவியும் எல்லோர் கையிலும் இருக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். ஆனால் எது எவ்வளவு இழுத்தது என்று காட்டுகிற பெட்டிகள் குறைவு.

மூன்றாவது வழி, சொந்தமாக ஒரு ரவுட்டர். நெட்காரர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் எடுத்து அதில் சொருகி, வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் இந்தப் புது ரவுட்டர் வழியாக ஓட்டுவது. ஆசுஸ் ரவுட்டர்கள் பலவற்றில் கருவி வாரிக் கணக்கு உள்ளேயே வருகிறது. மைக்ரோடிக்கிலும் செய்யலாம், கொஞ்சம் படிக்க வேண்டும். நான் வைத்திருப்பது ஓப்பன் டபிள்யூஆர்டி.

இதன் கதை சுவையானது. 2002 கடைசியில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்று நீல நிற ரவுட்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி, அதை வைத்து விற்கிறவர் மூலநிரலையும் வெளியிட வேண்டும். 2003-இல் அந்த நிரல் வெளியே வந்தது. அதை அடித்தளமாக வைத்து 2004-இல் பிறந்ததுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. கடையில் வாங்கிய ரவுட்டர் நம் சொல்லைக் கேட்க வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்த வேலை அது. இன்று நூற்றுக்கணக்கான மாடல்களில் இலவசமாக ஓடுகிறது. வாங்கும் முன் உங்கள் மாடல் மட்டும் அல்ல, அதன் வெர்ஷன் எண்ணும் அவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் உள்ளுக்குள் வேறு சிப் வைத்து விற்பது சாதாரணம்.

இதில் என்எல்பிடபிள்யூமான் என்ற சின்னப் புரோகிராமைச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு கருவியும் எவ்வளவு இறக்கியது, எவ்வளவு ஏற்றியது என்று ஒரு பட்டியல் வரும்.

வைத்த பிறகு கவனிக்க வேண்டியவை

மீட்டர் பொய் சொல்லக் கூடாது என்றால் நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, பழைய பெட்டியின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் பாதிக் கருவிகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு, புது ரவுட்டரின் கணக்குக்குள் வராமல் போகும்.

இரண்டு, கரண்ட். இந்தப் புரோகிராம் கணக்கை வழக்கமாகத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் கணக்கும் போய்விடும். சேமிக்கிற இடத்தை நிரந்தர நினைவகத்துக்கோ ஒரு பென் டிரைவுக்கோ மாற்றுங்கள். ரவுட்டரையும் நெட் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

மூன்று, வேகத்துக்காக ரவுட்டர்களில் ஆஃப்லோடிங் என்று ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டால் டேட்டா குறுக்கு வழியில் போய்விடும், எண்ணுகிறவன் கண்ணில் படாமல் தப்பிக்கவும் செய்யலாம். அளக்கிற காலத்தில் அதை அணைத்து வையுங்கள்.

நாலு, நெட்காரரின் மொத்தமும் உங்கள் மொத்தமும் அப்படியே பொருந்தாது. ஒருவர் ஜிபியை 1000 வீதம் கணக்கிடுவார், இன்னொருவர் 1024 வீதம். 3300 ஜிபி என்பது இரண்டாவது கணக்கில் ஏறக்குறைய 3073. ஏழு சதவீத வித்தியாசம் இதனாலேயே வரும். பில் தேதியும் மாதத்தின் முதல் தேதியும் வேறாக இருந்தால் இன்னும் விலகும். பில் தேதிக்கு ஏற்ப மாதத் தொடக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இனி பெயர் வைக்கும் படலம். பட்டியலில் முதல் நாள் வருவது வெறும் எண்களும் எழுத்துகளும்தான். ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரி அது. மாடியிலிருந்து கீழே வரை ஒவ்வொரு கருவியாகப் போய்ப் பார்த்து, ‘ஹால் டிவி’, ‘அம்மா போன்’, ‘கம்பெனி லேப்டாப்’, ‘எம்ப்ராய்டரி கம்ப்யூட்டர்’, ‘குடோன் கேமரா’ என்று பெயர் கொடுத்தேன். தம்பி மகள் கூடவே வந்து நோட்டில் எழுதினாள். “பெரியப்பா, இந்த போன் நேத்து வேற நம்பர் காட்டுச்சே?” என்றாள். கெட்டிக்காரக் கேள்வி. ஆண்ட்ராய்டு 10 (2019) முதலும் ஐஓஎஸ் 14 (2020) முதலும் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் ஒரு பொய் முகவரியோடு இணைகின்றன. கடைத்தெரு வைஃபைகளில் நம்மைப் பின்தொடராமல் இருக்க வைத்த நல்ல ஏற்பாடு அது. ஒரே வைஃபைக்குப் பெரும்பாலும் ஒரே முகவரிதான் வரும், ஆனால் சில நேரம் மாறும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது போன் தானாக உருவாக்கியது என்று கண்டுகொள்ளலாம். நம் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிட்டால் பெயர் நிலைத்து நிற்கும்.

பெயர் வைத்த பிறகும் அடையாளம் தெரியாமல் ஒன்று மீதி இருந்தால், எப்போதோ வந்து பாஸ்வேர்டு வாங்கிப் போனவருடையதாக இருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினால் தெரிந்துவிடும்.

பட்டியல் சொன்ன சேதி

எங்கள் வீட்டுப் பட்டியலில் முதலிடம் ஹால் டிவிக்கு. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது ‘ஏற்றியது’ என்கிற பக்கம். அங்கே முன்னால் நின்றவை கம்பெனி லேப்டாப்பும் இரண்டு போன்களும். பையனின் போன் அடிமட்டத்தில் இருந்தது.

லேப்டாப்பில் டிசைன் ஃபைல் வைத்திருக்கும் ஃபோல்டர் முழுவதும் கிளவுடுக்குப் போகும்படி இருந்தது. ஒரு பிரின்ட் டிசைனில் ஒரு நிறத்தை மாற்றிச் சேமித்தாலே பெரிய ஃபைல் ஒன்று மறுபடி மேலே ஏறும். போன்களின் கதையும் அதுவே. கல்யாண வீட்டில் எடுத்த 4கே வீடியோ ஐந்து நிமிடம் என்றால் ஏறக்குறைய 2 ஜிபி. வெளியே இருக்கும்வரை போன் சும்மா இருக்கும். வீட்டுக்கு வந்து வைஃபையைப் பிடித்ததும் பேக்கப் தொடங்கிவிடும். மேலே ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் அந்த ஒரு வீடியோ ஏற அரை மணி நேரம் ஆகும். எல்லோரும் வீடு திரும்புகிற நேரம் சாயங்காலம். பையர் வருகிற நேரமும் சாயங்காலம்.

நாம் பிளான் வாங்கும்போது கேட்பது இறக்கும் வேகத்தை மட்டும்தான். ஆனால் வீடியோ காலில் நம் முகமும் நம் குரலும் போவது ஏற்றும் பாதையில். அந்தப் பாதை நிரம்பினால் ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும், கால் உறையும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு லைனில் இதைக் கண்டு ‘பஃபர்புளோட்’ என்று பெயரிட்டு உலகத்துக்குச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். அந்த வழியில் வந்த ‘கேக்’ என்ற முறை ஓப்பன் டபிள்யூஆர்டியில் கிடைக்கிறது. லைனின் உண்மையான வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வரம்பு கொடுத்துவிட்டால், வரிசை நீளாமல் அது பார்த்துக்கொள்ளும். கருவிக்குக் கருவி சமமாகப் பங்கு பிரிக்கவும் அதற்குத் தெரியும்.

நாங்கள் செய்தவை எளிமையானவை. லேப்டாப்பின் கிளவுட் வேலையை இரவு நேரத்துக்குத் தள்ளினோம். போன்களின் பேக்கப்பைச் சார்ஜில் இருக்கும்போது மட்டும் நடக்கும்படி மாற்றினோம். கேமராவை அசைவு தெரியும்போது மட்டும் அனுப்பும்படி வைத்தோம். கேக் போட்டோம். பிளானை உயர்த்தவில்லை, யாருடைய போனையும் பிடுங்கவில்லை. சாயங்காலக் கால்கள் தடையில்லாமல் ஓடுகின்றன.

எவ்வளவு என்று பாருங்கள், என்ன என்று பார்க்காதீர்கள்

இந்தப் பதிவில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

மீட்டர் வைத்த கையோடு ஒரு சபலம் வரும். ‘எவ்வளவு என்று தெரிகிறதே, எந்த வெப்சைட் என்றும் பார்க்கலாமா?’ முழுதாக முடியாது. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தில் ஓடுகின்றன, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று ரவுட்டருக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற பெயரைப் பல நேரம் பிடித்துவிடலாம். ஒருவர் என்ன நோயைப் பற்றித் தேடுகிறார், வேறு வேலை தேடுகிறாரா, யாரோடு எத்தனை மணிக்குப் பேசுகிறார் என்றெல்லாம் ஊகிக்க அது போதும்.

வேண்டாம். கல்லூரிக்குப் போகிற மகளின் போன் எத்தனை ஜிபி இழுத்தது என்பது வீட்டுக் கணக்கு. எங்கே போனது என்பது அவளுடைய கணக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் கையாளும் தகவலுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள் சட்டம் வந்து நிற்காது என்றால், அந்தக் கோட்டை நாமே காக்க வேண்டும் என்று பொருள்.

கம்பெனிக்கும் ஹாஸ்டலுக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் ஊர் மிஷின்களில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, ராத்திரி சாப்பிட்டுவிட்டு வீட்டில் இருக்கிற குழந்தையின் முகத்தைப் பார்க்க அந்த வைஃபைதான் வழி. தென் மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்களுக்கும் அப்படியே. அவர்களுக்குத் தனியாக ஒரு கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடுங்கள். ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று பங்கு வையுங்கள். அது நியாயம். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று நோட்டம் விடுவது நியாயம் இல்லை. சம்பளம் கொடுப்பவருக்கு அவர்களின் வேலை நேரம்தான் சொந்தம்.

லைன் வீட்டுக்காரர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வீட்டுப் பிளானை வாங்கி வாடகைக்காரர்களுக்குக் காசுக்குக் கொடுப்பது பெரும்பாலான பிளான்களின் விதிக்குப் புறம்பு. இப்படிப் பகிர்வதற்கென்றே பிஎம்-வாணி என்ற திட்டத்துக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெட்டிக்கடைக்காரர்கூட லைசன்ஸ் இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். நிறையக் குடித்தனம் வைத்திருப்பவர்கள் அந்த வழியை விசாரித்துப் பார்க்கலாம்.

கணக்கு எல்லோர் கண்ணிலும் படட்டும்

1994-இல் டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் வேலை பார்த்த இடத்தில் வெளியுலகத்துக்கு இருந்தது 64 கேபிபிஎஸ் லைன் ஒன்றே ஒன்று. லைன் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆர்வம். அவர் ஒரு சின்ன நிரல் எழுதி, லைனின் ஓட்டத்தை வரைபடமாக்கி, எல்லோரும் பார்க்கும்படி இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். எம்ஆர்டிஜி என்ற பெயரில் அது உலகம் முழுவதும் பரவி, பல ஆண்டுகள் நெட்வொர்க் வேலை செய்கிறவர்களின் சுவர்க் கடிகாரம் மாதிரி இருந்தது. ஒருவர் மட்டும் பார்க்கிற மாதிரி அவர் அதை ஒளித்து வைக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பட்டியல் பக்கத்தை வீட்டில் எல்லோர் போனிலும் போட்டுக் கொடுத்தாயிற்று. என்னுடைய லேப்டாப் எவ்வளவு இழுக்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களுடையது எனக்கும் தெரியும். பெரியவர்கள் மட்டும் பார்க்கிற மீட்டர் என்றால் அது காவல் வேலை ஆகிவிடும். எல்லோரும் பார்த்தால்தான் அது பங்கு.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொடங்க விரும்பினால், வரிசை இது. முதலில் பிளானின் வரம்பையும் ஏற்றும் வேகத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இணைந்திருக்கும் கருவிகளுக்குப் பெயர் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு, விண்டோஸ் கருவிகளில் வைஃபைக் கணக்கைப் பாருங்கள். கேமரா கிளவுடுக்கு அனுப்புகிறதா என்று கட்டாயம் பாருங்கள். போன் பேக்கப் எப்போது நடக்கிறது என்று பாருங்கள். இவ்வளவுக்கும் ஒரு பைசா செலவில்லை. இதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் சில ஆயிரம் ரூபாயில் ஒரு ரவுட்டர் வாங்கலாம்.

லேப்டாப்பைப் பெட்டியோடு கேபிளில் நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதிக்க மறக்காதீர்கள். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் படுத்தால், குறை உங்கள் வீட்டு கான்கிரீட் தளத்திலும் ரவுட்டர் வைத்த இடத்திலும் இருக்கிறது. கேபிளிலேயே சாயங்காலம் மட்டும் படுத்தால், குறை வெளியே. ஜிபான் என்ற பைபர் முறையில் 2.5 ஜிபிபிஎஸ் இறக்கமும் 1.25 ஜிபிபிஎஸ் ஏற்றமும் ஒரே இழையில் வந்து முப்பத்திரண்டு, அறுபத்துநாலு வீடுகளுக்குப் பிரிகிறது. உங்கள் தெருவும் ஒரு பங்குதான்.

அப்போது நெட்காரரிடம் போய் ‘ஏனுங்க, நெட்டு சுத்துதுங்க’ என்று சொன்னால் ‘பெட்டியை ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பதுதான் பதிலாக வரும். எந்த நேரத்தில் எவ்வளவு வேகம், நம் வீட்டில் அப்போது எவ்வளவு ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள். கணக்கோடு வருகிற வாடிக்கையாளரை அப்படி லேசாகத் திருப்பி அனுப்ப முடியாது.